ஆங்கிலத்தில் எங்கள் சொற்கள் எத்தனை? (இழை: திருமலை [திருகோணமலை] அரட்டை – மொழி)

வெருகலாறு:
பாடசாலையில் ஆங்கில தினத்துக்குச் சுவர்ப் பத்திரிகை போடுகிறோம். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் என் பொறுப்பு. இதுவரை சேர்த்தவை: கட்டமரான் – கட்டுமரம், செரூட் – சுருட்டு, மல்லிகட்டானி – மிளகுத்தண்ணீர், கேஷ் – காசு, நேவி – நாவாய், எயிட் – எட்டு, வன் – ஒன்று, கில் – கொல், அனகொண்டா – ஆனைகொன்றான், ரைஸ் – அரிசி. இன்னும் கொஞ்சம் கிடைத்தால் பக்கம் நிறைந்துவிடும். தெரிந்தவர்கள் போடுங்கள்.

கொட்டியாரம்:
கொஞ்சமா? தம்பி, சுவர் காணாது. கல்ச்சர் – கலாச்சாரம், டாங்க் – தாங்கி, கொட் – கட்டில். காது கொடுத்துக் கேட்டாலே தெரியும். ஆங்கிலம் நேற்று முளைத்த பாஷை. அதற்கு முன்பே எங்கள் ஆட்கள் கப்பல் விட்டவர்கள்.

ஓய்வு வாத்தியார்:
தம்பி, உன் பட்டியலில் பாதி உறுதியான சரக்கு, பாதி காதுக்கு இனிக்கிற சரக்கு. இரண்டையும் ஒரே சுவரில் ஒட்டினால், ‘எயிட்’ சரியில்லை என்று கண்டுபிடிக்கிற ஆள் கட்டுமரத்தையும் நம்பமாட்டார்.

அந்த ‘எயிட்’டையே பார்ப்போம். எழுதும்போது நடுவில் ஜீயும் எச்சும் வாய் திறக்காமல் நிற்கும். பிள்ளைகள் எழுத்துப் பிழை விடுகிற இடம் அதுதான். அவை அங்கே வீணுக்கு நிற்கவில்லை. ஒரு காலத்தில் தொண்டைக்குள் இருந்து எழுந்த ஓர் ஒலிக்கு அடையாளம் அவை. ஜெர்மன்காரர் இன்றைக்கும் அந்த ஒலியோடு ‘ஆஹ்ட்’ என்றுதான் எட்டைச் சொல்கிறார்கள். லத்தீனில் ‘ஒக்டோ’, சமஸ்கிருதத்தில் ‘அஷ்ட’. ஒக்டோபரும் அஷ்டமியும் இதற்குச் சொந்தக்காரர். ஆங்கிலத்தில் அந்த ஒலி தேய்ந்துபோன பிறகுதான் சொல் எங்கள் எட்டு மாதிரி ஆனது. ஆயிரம் வருசத்துக்கு முந்தி ஓர் ஆங்கிலேயன் எண்ணிக் காட்டியிருந்தால், கொட்டியாரத்துக்கே இந்த யோசனை வந்திருக்காது.

‘வன்’னும் அப்படித்தான். பழைய ஆங்கிலத்தில் அது ‘ஆன்’. முன்னால் நிற்கிற ‘வ’ மத்திய காலத்தின் கடைசிப் பகுதியில் ஒட்டிக்கொண்டது. அதே சொல்லில் பிறந்த ‘அலோன்’, ‘ஒன்லி’ இரண்டிலும் அந்த ‘வ’ இல்லை, பாருங்கள்.

‘கல்ச்சர்’ லத்தீனில் நிலத்தைப் பண்படுத்துவது. ‘அக்ரிகல்ச்சர்’ இருக்கிறதே, அதுதான். கலாச்சாரம் சமஸ்கிருதத்துக் கலையும் ஆசாரமும் சேர்ந்தது. இரண்டுக்கும் நடுவில் எந்த உறவும் இல்லை.

கொட்டியாரம்:
சேர், கோபிக்கக் கூடாது. அந்த அகராதிகளை எழுதியது யார்? எங்கள் துறைமுகத்தை ஒன்றரை நூற்றாண்டு வைத்திருந்த ஆட்கள்தானே. ‘கில்’லுக்கு மூலம் திட்டமாகத் தெரியாது என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். தெரியாத இடத்தில் ‘கொல்’ என்று எழுதினால் என்ன குடி முழுகிவிடும்? நாவாய்க்கு என்ன சொல்வீர்கள்? புறநானூற்றிலேயே ‘நளியிரு முந்நீர் நாவாய் ஓட்டி’ என்று இருக்கிறது. காசையும் விடமாட்டேன். எந்தக் கடையில் கேட்டாலும் காசு காசுதான்.

ஓய்வு வாத்தியார்:
தாய் தகப்பன் தெரியாத பிள்ளை எல்லாம் உடனே எங்கள் வீட்டுப் பிள்ளை ஆகிவிடுமா? ‘கில்’ முதலில் எழுத்தில் வருகிறபோது அதற்கு அடித்தல், தாக்குதல் என்றுதான் பொருள். இடமும் இங்கிலாந்துதான், காலமும் 13ஆம் நூற்றாண்டு. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டுக் கரையில் எந்த ஆங்கிலேயன் நின்று கேட்டான்?

புறநானூற்று நாவாய்க்குத் தலை வணங்குகிறேன். ஆனால் லத்தீன் ‘நாவிஸ்’, கிரேக்க ‘நௌஸ்’, சமஸ்கிருத ‘நௌ’ மூன்றும் ஒரே குடும்பம். நாவாயே வடக்கிலிருந்து வந்து தமிழில் சேர்ந்தது என்று சொல்கிற மொழியியலாளரும் இருக்கிறார்கள். அப்படியென்றால் இது நாங்கள் கொடுத்ததல்ல, வாங்கியது.

காசுக்கு வருகிறேன். இதில் கொட்டியாரம் சொல்வது பாதி சரி, மீதிப் பாதி அதைவிட ருசி. ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்று இரண்டு சொற்கள் இருந்தன. ஒன்று, பணம் போட்டு வைக்கிற பெட்டி. லத்தீன் ‘கப்சா’விலிருந்து இத்தாலிய, பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் வந்தது. கேஸ், கப்சூல் எல்லாம் அதன் உடன்பிறப்புகள். பெட்டியைச் சொன்ன சொல் பிறகு பெட்டிக்குள் இருந்த பணத்துக்கு ஆகிவிட்டது. கடையில் ‘கேஷ்’ என்று நாம் சொல்வது இதைத்தான்.

மற்றது எங்கள் காசு. போர்த்துக்கேயர் அதை ‘கைஷா’ என்று தங்கள் வாய்க்கு ஏற்ற மாதிரி மாற்றினார்கள். கீழைத் தேசத்துச் சில்லறை நாணயம் எல்லாம் அந்தப் பெயருக்குள் போனது. நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனச் செப்பு நாணயம் இருக்கிறதே, கயிற்றில் கோத்து வைப்பார்கள், அதை ஆங்கிலத்தில் இன்றைக்கும் ‘கேஷ்’ என்கிறார்கள். அது சுத்தமான தமிழ்க் காசு. சீனாக்காரன் நாணயத்துக்குத் தமிழ்ப் பெயர்! சுவரில் இதை எழுது தம்பி.

சீனக்குடா வாசி:
நான் படித்தவன் இல்லை, துறைமுகப் பக்கம் வேலை பார்த்தவன். ‘கோடவுன்’ எங்கள் சொல்தானே? கிடங்கு. பழைய கிளார்க் ஒருவர் சொல்லித் தந்தது.

ஓய்வு வாத்தியார்:
அருமை. தமிழில் கிடங்கு, தெலுங்கில் கிடங்கி. கிடக்கிற இடம் கிடங்கு. மலாய்க்காரர் ‘குடாங்’ என்றார்கள், மலாக்கா பக்கத்து வியாபாரத்தில் ஆங்கிலேயர் அதைப் பிடித்துக் ‘கோடவுன்’ ஆக்கினார்கள். போர்த்துக்கேயர் வாயிலும் அது புகுந்தது. எங்கள் பத்திரிகைகளில் ‘சீனக்குடா எண்ணெய்க் குதங்கள்’ என்று போடுகிறார்களே, அந்தக் குதமும் இதே கிடங்குதான். ஊர் ஊராய்ச் சுற்றி வேறு பெயரில் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது.

கொட்டியாரம்:
அப்போ தாங்கியும் சரிதானே? சீனக்குடாவில் 99 தாங்கி நிற்கிறது. தாங்குவது தாங்கி.

ஓய்வு வாத்தியார்:
இல்லை. ‘டாங்க்’ குஜராத்திப் பக்கத்துச் சொல்லும் போர்த்துக்கேய ‘டாங்க்’கும் கலந்து ஆங்கிலத்துக்குப் போனது. அதற்கு முதற் பொருள் குளம். அதனால்தான் கந்தளாய்க் குளத்தை இன்றைக்கும் ஆங்கிலத்தில் ‘டாங்க்’ என்று எழுதுகிறார்கள். வெளிநாட்டுக்காரர் அதை வாசித்துவிட்டு இரும்புத் தொட்டியைத் தேடுவார்கள். யுத்த டாங்க் வேறு கதை. முதலாம் உலகப் போரில் இரகசியம் காப்பதற்காக அதைத் தண்ணீர்த் தொட்டி என்று சொல்லிக் கட்டினார்கள், பெயர் அப்படியே நின்றுவிட்டது. ‘தாங்கி’ ஆங்கிலச் சொல்லின் ஒலியும் பொருளும் பார்த்துப் பின்னால் வைத்த பெயர் என்றுதான் நான் நினைக்கிறேன். வைத்தவர் கெட்டிக்காரர், அவ்வளவுதான்.

ஆனால் ‘கொட்’ சரி, சுற்றிவளைத்து. ஆங்கிலேயர் அதை இந்தியில் வாங்கினார்கள். இந்திக்கு மூலம் சமஸ்கிருதக் ‘கட்வா’. அதற்கு மூலம் திராவிடம் என்று பலர் ஒப்புக்கொள்கிறார்கள். கட்டிலைச் சேர்க்கலாம்.

மூதூர்ப் பெண்:
எல்லாரும் தமிழ், லத்தீன் என்றே நிற்கிறீர்கள். துறைமுகத்துச் சொற்களில் அரபியை மறந்துவிட்டு எப்படி? ‘மொன்சூன்’ அரபியில் ‘மவ்ஸிம்’, பருவம். போர்த்துக்கேயர் ‘மொன்சாவ்’ என்றார்கள். வடகீழ்ப் பருவக்காற்றில் சோழமண்டலக் கரையில் பாய்க்கப்பல் நிற்க இடமில்லை. அதற்காகவே ஐரோப்பியர் திருமலைத் துறைமுகத்துக்குச் சண்டை பிடித்தார்கள். அவர்கள் அஞ்சின காற்றுக்கும் பெயர் அரபி, கப்பற்படைத் தலைவன் ‘அட்மிரல்’ பெயரும் ‘அமீர் அல்’. டொக்யார்ட்டில் ஆயுதம் வைக்கிற ‘ஆர்சனல்’ அரபியில் ‘தார் அஸ்ஸினாஆ’, தொழிற்சாலை.

‘மகசின்’ இன்னும் நல்லது. அரபியில் ‘மகாஸின்’ என்றால் களஞ்சியங்கள். முதலில் வெடிமருந்துக் களஞ்சியம், பிறகு துவக்கில் தோட்டா போடுகிற கூடு. 1731இல் லண்டனில் ஒருவர் தன் சஞ்சிகைக்கு அந்தப் பெயரை வைத்தார், தகவல் களஞ்சியம் என்ற பொருளில். கொழும்பில் மகசின் சிறைச்சாலை என்று செய்தியில் வாசிக்கிறோமே, அங்கே யாரும் சஞ்சிகை விற்கவில்லை.

கொட்டியாரம் அண்ணன், உங்கள் பெயரில் இருக்கிற குடாவில்தான் 1660இல் ராபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கில மாலுமி பிடிபட்டார். ஏறக்குறைய இருபது வருசம் கண்டி இராச்சியத்தில் சிறை. 1681இல் அவர் போட்ட இலங்கைப் புத்தகம்தான் புத்தர் பெயர் ஆங்கிலத்தில் எழுத்தில் வந்த மிகப் பழைய இடங்களில் ஒன்று. எங்கள் கரை ஆங்கிலத்துக்குத் தமிழ்ச் சொல் மட்டும் கொடுக்கவில்லை.

கொட்டியாரம்:
நொக்ஸ் கதை எனக்குத் தெரியும் தங்கச்சி. சரி, அரபியை ஏற்றுக்கொள்கிறேன். ‘செரண்டிப்பிட்டி’ இலங்கைக்கு அரபிக்காரர் வைத்த ‘செரந்தீப்’பிலிருந்து வந்தது என்பதையும் ஏற்கிறேன். ஆனால் செரந்தீப் என்றால் சேரன்தீவு.

மூதூர்ப் பெண்:
‘சிங்களத்வீப’ என்பது ‘செரந்தீப்’ ஆனது என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கில எழுத்தாளர் 1754 ஜனவரி 28இல் ஒரு கடிதத்தில் ‘செரண்டிப்பிட்டி’ என்று புதுச்சொல் உண்டாக்கினார். ஒரு பாரசீகக் கதையில் செரந்தீப்பின் மூன்று இளவரசர்கள் தேடாததைக் கண்டுபிடித்துக்கொண்டே போவார்களாம். ஒருவர் மேசையில் உருவான சொல்லுக்கு நாள் தேதி தெரிவது அபூர்வம். சேரனுக்கு அப்படி ஒரு கடிதம் இருந்தால் காட்டுங்கள்.

வெருகலாறு:
அனகொண்டா? அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ‘ஆனைகொன்றான்’ எனக்கு மிகவும் பிடித்தது சேர்.

ஓய்வு வாத்தியார்:
பிடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ் என்று சொன்னவர்களில் ஹென்றி யூலும் ஒருவர். அவரும் பர்னலும் 1886இல் போட்ட ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியத்தில் ஆனைகொன்றான் இருக்கிறது. ஆகவே இதை ‘சும்மா கதை’ என்று தள்ள முடியாது. ஆனால் 1693இல் ஜோன் ரே என்ற ஆங்கில இயற்கையியலாளர் இலங்கைப் பாம்பு என்று குறித்தது ‘அனகண்டையா’. எருமையின் உறுப்புகளை நொறுக்கும் என்று விளக்கமும் எழுதினார். சிங்களத்தில் ‘ஹெனகந்தயா’ என்று ஒரு பாம்பு உண்டு. ஒலியில் அது கிட்ட நிற்கிறது. கஷ்டம் என்னவென்றால், ஹெனகந்தயா ஒல்லியான பச்சைக் கொடிப்பாம்பு. அது எருமையை அல்ல, பல்லியைப் பிடிக்கும். எருமையை நொறுக்கும் விளக்கம் எங்கள் வெங்கிணாந்திக்குத்தான், அதாவது மலைப்பாம்புக்குத்தான், பொருந்தும். யாரோ ஒருவர் இரண்டு பாம்பின் துண்டுச் சீட்டையும் மாற்றி ஒட்டியிருக்கிறார். 1768இல் ஸ்கொட்லாந்துச் சஞ்சிகை ஒன்றில் இலங்கை அனகொண்டா புலியை நொறுக்கித் தின்றதாக ஒரு கட்டுரையும் வந்தது. இலங்கையில் எந்தக் காட்டில் புலி? பிறகு 19ஆம் நூற்றாண்டு தொடங்கும்போது பிரெஞ்சு விலங்கியலாளர் ஒருவர் பெயரைத் தூக்கித் தென்னமெரிக்கப் பாம்புக்கு வைத்துவிட்டார். இலங்கைப் பெயர் அமேசனில் நீந்துகிறது, இலங்கையில் அந்தப் பாம்பே இல்லை.

என் கட்சி சிங்களம். ஆனால் எதிர்க்கட்சியை முட்டாள் என்று சொல்லமாட்டேன்.

கொட்டியாரம்:
யானையைக் கொன்றான் என்று பொருள் பளிச்சென்று நிற்கிறது, நீங்கள் பச்சைக் கொடிப்பாம்பைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். எருமையை நொறுக்கும் பாம்புக்கு மெல்லிய பாம்பின் பெயரையா வைப்பான் மனிதன்? இதில் ஒரு அடி பின்வாங்கமாட்டேன்.

சீனக்குடா வாசி:
நாங்கள் கொடுத்தது இருக்கட்டும். வாங்கினதில் கதிரை யாருடையது? ஆங்கிலத்தில் ‘செயார்’. ஒலி கிட்டவும் இல்லை.

ஓய்வு வாத்தியார்:
ஒலி கிட்ட இல்லாத உறவுக்கு அதுதான் சாட்சி. கிரேக்கத்தில் ‘கதெட்ரா’, இருக்கை. லத்தீன் வழியாகப் போர்த்துக்கேயர் ‘கதெய்ரா’ என்றார்கள், நாங்கள் கதிரை என்றோம். பழைய பிரெஞ்சு வழியாகப் போனது தேய்ந்து ‘செயார்’ ஆனது. ஆயரின் இருக்கை உள்ள கோவில் ‘கதீட்ரல்’. திருமலை புனித மரியாள் பேராலயத்துக்குள் கதிரையில் இருந்தால், ஒரே சொல்லுக்குள் அதே சொல்லின் மேல் இருக்கிறீர்கள். அலுவலகத்துக்கு நாங்கள் சொல்கிற கந்தோரும் அப்படித்தான். ஒல்லாந்தர் ‘கந்தோர்’, பிரெஞ்சு ‘கொந்த்வார்’, ஆங்கில ‘கவுண்டர்’ மூன்றும் கணக்குப் பார்க்கிற மேசை. கொம்பியூட்டருக்கும் அதே லத்தீன் வேர். பாண் (ரொட்டி) போர்த்துக்கேயம், லத்தீனில் ‘பானிஸ்’. ஒன்றாய்ப் பாண் தின்கிறவன் ‘கொம்பேனியன்’.

வெருகலாறு:
சரி, பக்கத்தை இப்படிப் போடுகிறேன். மேலே கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர், கிடங்கு, சீனாக்காரனின் காசு. கட்டுமரத்துக்குப் பக்கத்தில் உப்புவெளிக் கரையில் எடுத்த படம். டம்பியர் என்ற மாலுமி சோழமண்டலக் கரையில் பார்த்து 1697இல் வந்த புத்தகத்தில் எழுதியது மரங்களைச் சேர்த்துக் கட்டிய தெப்பம், இன்று அந்தப் பெயரில் ஓடுவது இரட்டை உடல் படகு, இதையும் எழுதுவேன். அனகொண்டாவுக்கு இரண்டு கட்சியும் போடுவேன். அரிசி மட்டும்தான் மிச்சம்.

ஓய்வு வாத்தியார்:
‘ரைஸ்’ கிரேக்க ‘ஒரூசா’விலிருந்து. அதற்கு மேலே போனால் சிலர் அரிசி என்கிறார்கள், சிலர் சமஸ்கிருத ‘வ்ரீஹி’யையும் ஈரானியச் சொற்களையும் காட்டுகிறார்கள். பென்சிலால் எழுதி வை.

கொட்டியாரம்:
பேனையால் எழுது தம்பி.

சீனக்குடா வாசி:
பென்னும் பென்சிலும் ஒரே வேர்தானே சேர்?

ஓய்வு வாத்தியார்:
இல்லை. பென் லத்தீனில் இறகு. பென்சில் லத்தீனில் சின்ன வால், தூரிகைக்கு வைத்த பெயர். பெனிசிலினுக்கும் அந்த வால்தான்.