குருத்தோலைக் கிளி செய்யத் தெரிந்தவர்கள் உதவுங்களேன்

ஏப்ரல் 14 சித்திரை முதல் நாளுக்கு அண்ணன், அக்கா குடும்பம் எல்லாரும் நாகர்கோவிலில் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். கண்ணாடி, பழங்கள், கொன்றைப்பூ, நகை, காசு எல்லாம் வைத்து, காலையில் கண் விழித்ததும் பார்க்கும் கனி முந்தின நாள் இரவே தயாராகிவிடும், வேப்பம்பூப் பச்சடியை அம்மா பார்த்துக்கொள்வார், அதெல்லாம் சரி. வாசலுக்குக் குருத்தோலைத் தோரணத்தைப் பிள்ளைகளையும் உட்காரவைத்துச் செய்ய வேண்டும் என்று ரொம்ப ஆசை. சாதாரணத் தோரணம் எனக்கு வரும். அதில் தொங்கவிடும் கிளி தாத்தாவுக்குத்தான் தெரியும், அவர் இப்போது இல்லை.

ஒரு கிளிக்கு எத்தனை ஓலை வேண்டும், ஈர்க்கை முதலிலேயே உரித்துவிட வேண்டுமா? முந்தின நாளே முடைந்து ஈரத்துணியில் சுற்றி வைத்தால் காலைவரை வாடாமல் இருக்குமா? மடிப்பு மடிப்பாகப் படம் எடுத்துப் போட்டால் பெரிய உதவி, அப்புறம் சின்னப் பிள்ளைகள் கைக்கும் வருகிற மாதிரி எளிதாக ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள்.