வச்சு குடிக்கிற ரெட் வைன் நம்ம ஊரு வெயில்ல தாங்குமா?

காரைக்குடி_தம்பி:
அத்தான் பாரிஸ்ல இருந்து வந்தப்ப ரெண்டு பாட்டில் பிரான்ஸ் போர்டோ ரெட் வைன் குடுத்தாரு, அங்க மெடாக் பக்கத்துச் சரக்கு, கேபர்னே சாவிஞான் திராட்சை ஜாஸ்தி மெர்லோ திராட்சை கொஞ்சம், 2018 அறுவடை, ஆல்கஹால் 14 சதவீதம். இன்னும் பத்து வருஷம் வச்சா அருமையா வரும்னாரு. எனக்குப் பொறுக்கல, நேத்து ஒண்ணத் தொறந்து கோழி உப்புக்கறியோட குடிச்சேன். கலரு நல்ல நாவப்பழக் கருப்பு, ஆனா பச்சப் பாக்க மென்ன மாதிரி நாக்க இழுத்துப் பிடிச்சுக்கிச்சு, தொண்டை வரைக்கும் எரிச்சல் வேற. மிச்சம் பாதி ஃப்ரிட்ஜ்ல இருக்கு. கெட்டுப்போச்சா? இன்னொரு பாட்டில ரெண்டாங்கட்டு இருட்டு ரூம்ல வைக்கலாமா, செவுரு நல்ல கனம், சித்திரையிலயும் உள்ள குளுமையாத்தான் இருக்கும்.

நாசிக்_ரிட்டர்ன்:
கெடலங்க. அந்தத் துவர்ப்புதான் டானின், திராட்சைத் தோல்லயும் விதையிலயும் இருந்து வர்றது, ஓக் பீப்பாயும் கொஞ்சம் குடுக்கும். கேபர்னே பழம் பொடிசு, தோலு தடிமன், அதான் இவ்வளவு முரடு, அத அடக்கத்தான் மெர்லோவ கலக்குறாங்க. வருஷம் போகப் போக டானின் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு மெத்துனு ஆயிரும், கொஞ்சம் வண்டலா அடியில தங்கும், ஓரத்துல செங்கல் நிறம் தட்டும். உங்க பிரச்சன உப்புக்கறிதான், மொளகாக் காரத்தோட ஆல்கஹாலும் டானினும் சேந்தா எரியத்தான் செய்யும். மிச்சத்த ஒரு அகலமான கண்ணாடி ஜக்ல ஊத்தி ஏசி ரூம்ல ஒரு ரெண்டு மணி நேரம் விடுங்க, ஃப்ரிட்ஜ் சில்லுல துவர்ப்பு இன்னும் தூக்கலாத் தெரியும், 16-18 டிகிரி போதும். தொட்டுக்க காரம் போடாம கொழுப்போட ஆட்டுக்கறி வறுத்துக்குங்க, கறியோட புரதம் டானினப் பிடிச்சுக்கும்.

பள்ளத்தூர்_அக்கா:
தம்பி அந்த ரூம்ல மட்டும் வச்சுடாதீங்க. நானும் அப்படித்தான் நெனச்சு ஒரு நல்ல பாட்டில மூணு வருஷம் வச்சேன், தொறந்தா கார்க் மேல தள்ளியிருக்கு, உள்ள காய்ச்சுன ஜாம் வாடை, மனசே விட்டுப்போச்சு. அப்புறம்தான் தெர்மாமீட்டர் மாட்டிப் பாத்தேன், மே மாசம் ராத்திரியிலயும் 30க்குக் கீழ எறங்கல. நமக்கு வளவு நெழலு சொகமா இருக்கும், வைனுக்கு அது உலை. அதுக்கு 12-14 டிகிரி வேணும், அதுவும் ஏறி எறங்காம, பாட்டில படுக்கப் போடணும், நிமுத்தி வச்சா கார்க் காஞ்சு காத்து போயிரும். கரண்ட் அடிக்கடி போற எடம்னா வைன் ஃப்ரிட்ஜ நம்பியும் பிரயோஜனம் இல்ல.

மதுரைக்காரன்:
அக்கா சொல்றது சரி. பழகிப் பாக்கணும்னா நம்ம நாட்டு பிளெண்ட்ல, அதாவது ரெண்டு திராட்சை கலந்த வைன்ல ஆரம்பிங்க, பெங்களூர் பக்கம் நந்தி மலை க்ரோவர் கம்பெனியோட லா ரிசர்வ், அது கேபர்னேயும் ஷிராஸும் கலந்தது, மகாராஷ்டிரா அக்லூஜ் ஃப்ராடெல்லி கம்பெனியோட செட்டே, அது சாஞ்சியோவேசேயும் கேபர்னேயும் கலந்தது. ரெண்டும் நல்ல கனமானது.

காரைக்குடி_தம்பி:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். இப்பதான் குடிச்சேன். ஜக்ல ரெண்டே கால் மணி நேரம். துவர்ப்பு போகல ஆனா இப்ப ஈறுல மட்டும் லேசா நிக்குது, நடுவுல கருப்புப் பழ ருசி, அதுக்கப்புறம் பென்சில் சீவுன வாசம், நெசமா சொல்றேன் ஆயாவோட தேக்குப் பொட்டியத் தொறந்தா வருமே அதே வாசம். வெறும் உப்பும் சீரகமும் போட்ட ஆட்டுக்கறியோட இன்னும் எறங்குது. அத்தான்கிட்ட பேசிட்டேன், அடுத்த பாட்டில் கொடைக்கானல் சித்தப்பா வீட்டுக்குப் போகுது, ஞாயித்துக்கிழம காலையில வெயிலுக்கு முன்னாடி நானே கார்ல கொண்டு போறேன்.