மே மாதத்தில் குழந்தைகள் இல்லத்திலேயே தங்கிவிடும் பிள்ளைகள்: உங்கள் அனுபவம்?

அஸ்தம்பட்டிக்காரன்:
பரீட்சை முடிந்ததும் மாமா, சித்தி என்று யாராவது வந்து கையெழுத்துப் போட்டு அழைத்துப் போய்விடுவார்கள். அப்படி யாரும் வராத பதினொரு பிள்ளைகளோடு ஏற்காடு போனோம். எல்லோருக்கும் ஒரே மஞ்சள் டி-சர்ட், முதுகில் இல்லத்தின் பெயர். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கத்திக் கத்தி எண்ணிக்கொண்டே ஏறினார்கள். படகுத்துறை வரிசையில் ஓர் அம்மா, நல்ல மனதோடுதான், "ஐயோ பாவம், எந்த ஹோம் பிள்ளைங்க?" என்று ஒருவனிடம் பத்து ரூபாயை நீட்டினார். அவனுக்குப் பதிமூன்று வயது. வாங்கவில்லை. கழிப்பறைக்குப் போய்த் திரும்பியவன் சட்டையை உள்வெளியாக மாற்றிப் போட்டிருந்தான். தையல் பிசிறும் கழுத்துப் பட்டியும் வெளியே தெரிந்தன. "திருப்பிப் போடுப்பா, தலை எண்ணணும்" என்றேன். போட்டான். அப்புறம் படகில் ஏறவே இல்லை. கரையில் உட்கார்ந்து எல்லோருடைய பைகளையும் பார்த்துக்கொண்டான்.

மேட்டூர் பஸ்:
நான் இல்லத்தில் வளர்ந்தவன். சட்டையைக் குறை சொல்லாதீர்கள் அண்ணா. கோடை விழாக் கூட்டத்தில் ஏற்காடு அண்ணா பூங்காவில் நான் தொலைந்தபோது அந்தச் சட்டையைப் பார்த்துத்தான் ஒரு போலீஸ்காரர் கொண்டு வந்து சேர்த்தார். எனக்கு உறுத்துவது வேறு. ஆறு கோடை, ஆறு தடவையும் அதே ஏரி. எங்கே போகலாம் என்று ஒருவரும் கேட்டதில்லை. பாடப்புத்தகத்தில் 120 அடி என்று படித்த நாளிலிருந்து எனக்கு மேட்டூர் அணையைப் பார்க்க ஆசை. முதல் சம்பளத்தில் தனியாக பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். அன்றைக்குப் பக்கத்தில் கைகாட்டிச் சொல்ல யாரும் இல்லை.

ஓய்வுபெற்ற டீச்சர்:
நான் ஒரே முறை, சேலத்துக் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்குப் போனேன். ஒரு சிறுமி மான்களைப் பார்த்தபடி நகரவே மாட்டேன் என்றாள். நேரமாகிறதென்று இழுத்து வந்தேன். இப்போதும் வருத்தம்தான். சரி, இனி போகிறவர்களுக்குச் சொல்கிறேன். இல்லக் கண்காணிப்பாளரிடம் முன்பே பேசி, வெளியே அழைத்துப்போக எழுத்தில் அனுமதி வாங்குங்கள். முகம் தெரியும் படத்தை ஸ்டேட்டஸில் போடாதீர்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74 படி அடையாளத்தை வெளியிடுவது குற்றம். ஆறு மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட உண்டு. வாந்தி வரும் பிள்ளையை முன் சீட்டில் உட்கார வையுங்கள், காலையில் பூரி வேண்டாம், இட்லி போதும். "அப்பா அம்மா எங்கே?" என்று கேட்காதீர்கள். தட்டுவடை செட்டை மொத்தமாக வாங்கிப் பங்கு வைக்காமல், ஆளுக்கு ஐம்பது ரூபாய் கையில் கொடுங்கள். கடைக்காரரிடம் அவர்களே காரம் கூட, குறைய சொல்லி வாங்கட்டும். ஏற்காட்டில் ஏரியை விட்டால் தாவரவியல் தோட்டம் இருக்கிறது; பூச்சி பிடிக்கும் குடுவைச் செடியைக் காட்டுங்கள்.

குண்டு மாங்காய்:
எல்லோரும் சின்னப் பிள்ளைகளையே பேசுகிறீர்கள். 18 முடிந்தவர்கள்? சட்டத்தில் 21 வரை பின்காப்பு, அதாவது இல்லத்தை விட்டு வெளியேறிய பிறகும் உதவி, உண்டு. ஆனால் என் கல்லூரி விடுதியை மே மாதம் பூட்டிவிடுவார்கள். வார்டன் சாவிக்கொத்தோடு நின்றார். "பெரியம்மா வீட்டுக்குப் போறேன் மேடம்" என்றேன். எனக்குப் பெரியம்மா கிடையாது. பெட்டியோடு புது பஸ் ஸ்டாண்டில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுத் தோழிக்குப் போன் செய்தேன். அவள் அம்மா எதுவும் கேட்கவில்லை. "வந்துட்டியா, கை கழுவிட்டு இந்த மாங்காயை நறுக்கு" என்றார். ஒரு மாதம் ஊறுகாய் போட்டோம். விரலில் உப்பு எரிந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. எனக்கு வாய்த்த ஒரே கோடை விடுமுறை அதுதான்.

அஸ்தம்பட்டிக்காரன்:
மேட்டூர் தம்பிக்கு: ஒரே நிறச் சட்டை இருக்கட்டும், முதுகில் பெயர் எதற்கு என்பதுதான் என் கேள்வி. ஆனால் நீங்கள் சொன்ன பிறகு யோசிக்கிறேன். ஏரிக்குப் போகலாம் என்று முடிவு செய்தது நாங்கள்தான். படகில் ஏறாத அந்தப் பையனுக்குத் தண்ணீர் என்றால் பயமா என்றுகூட எனக்குத் தெரியாது.