பிதர்கனிகா முதலைகள்: மே லீவுல பசங்களோட போலாமா?

ஊர்சுத்தும்_அம்மா:
வணக்கம் எல்லாருக்கும். ஒடிசால பிதர்கனிகா தேசியப் பூங்காவுக்குள்ள டாங்மல்ங்கிற இடத்துல உப்புத்தண்ணி முதலைய முட்டையிலருந்து பொரிக்க வச்சு வளர்த்து ஆத்துல விடுறாங்கன்னு கேள்விப்பட்டேன். மே மாசம் ஸ்கூல் லீவுல பசங்கள கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன். சென்னைலருந்து எப்படி போறது, உள்ளயே தங்க முடியுமா? சின்னவனுக்கு 6 வயசு, படகுல கூட்டிட்டுப் போலாமா? இன்னொன்னு, முதலைய அடைச்சு வச்சு வேடிக்கை காட்டுற இடம்னா எனக்கு மனசு வராது, நெசமாவே பாதுகாப்பு வேலை நடக்குதான்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கோரமண்டல்காரன்:
மே வேணாங்க. மே 1லருந்து ஜூலை 31 வரைக்கும் டூரிஸ்ட் யாரையும் உள்ள விடமாட்டாங்க, முதலை கூடு கட்டி முட்டை போடுற நேரம் அது. அரையாண்டு லீவுக்கு மாத்திக்கோங்க, குளிர்காலத்துல தான் வெயில் காயறதுக்கு எல்லாம் கரையேறி சேத்துல படுத்துக் கிடக்கும். ஆனா ஜனவரி ஆரம்பத்துல முதலை கணக்கெடுப்புக்காக வழக்கமா சில நாள் மூடுவாங்க, அத பாத்துட்டு டிக்கெட் போடுங்க. கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பத்ரக்ல நிக்கும், அங்க இறங்கி சாந்த்பாலிக்கு கார், அங்கருந்து படகு. புவனேஸ்வர் வழியா வந்தா குப்தி இல்லனா கோலாங்கிற நுழைவு வாசல் வழியா உள்ள போகணும். டாங்மல்லயே வனத்துறை காட்டேஜ் இருக்கு, ஆன்லைன்ல முன்கூட்டியே புக் பண்ணிடுங்க. சின்னவனுக்கு லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போடுங்க, கைய மட்டும் படகுக்கு வெளிய நீட்டவே விடாதீங்க.

சேத்துக்கால்:
உங்க கடைசி கேள்விக்கு மட்டும் வர்றேன், எனக்கு ரொம்ப புடிச்ச இடம் இது. தோலுக்காக வேட்டையாடி வேட்டையாடி 1975ல அங்க நூறு முதலை கூட இல்ல. அப்ப எஃப்ஏஓ (ஐ.நா.வோட உணவு, வேளாண் அமைப்பு) நிபுணர் பஸ்டர்ட் வழிகாட்டல்ல ஆரம்பிச்ச திட்டம் தான் இது, சுதாகர் கர்ங்கிற ஆராய்ச்சியாளர் வருஷக்கணக்கா அதுலயே கெடந்து உழைச்சார். காட்டுல இருக்கிற கூட்டுலருந்து முட்டைய எடுத்துட்டு வந்து பொரிக்க வச்சு, குட்டி கிட்டத்தட்ட ஒரு மீட்டர் வளர்ற வரைக்கும் தொட்டியில பாத்துக்கிட்டு அப்புறம் ஓடையில விட்டாங்க, ஏன்னா வெளிய பொரிக்கிற குட்டிய உடும்பு, பறவை, பெரிய மீன்னு எல்லாம் தின்னுடும், நூத்துல ஒண்ணு ரெண்டு தான் தப்பிக்கும். இப்ப கணக்கு 1,800ஐத் தாண்டிருச்சு.

பசங்களுக்கு இதச் சொல்லுங்க: தாய் முதலை எலையையும் சேத்தையும் குவிச்சு மேடு கட்டி அதுக்குள்ள 50, 60 முட்டை போடும், அந்த மேட்டோட சூடு தான் ஆணா பொண்ணான்னு முடிவு பண்ணும். குட்டி வெளிய வர்றதுக்கு முன்னாடி முட்டைக்குள்ளருந்தே கீச் கீச்சுனு கத்தும், அந்த சத்தம் கேட்டதும் தாய் வந்து மேட்ட தோண்டி, அவ்வளவு பெரிய பல்லுக்கு நடுவுல குட்டிய ஒரு கீறல் படாம தூக்கிட்டுப் போய் தண்ணில விடும்.

அடைச்சு வச்சிருக்கிறதும் கொஞ்சம் இருக்கு. கோரினு ஒரு வெளிறின முதலை, அதோட மியூசியத்துல பெரிய எலும்புக்கூடு ஒண்ணு. அதுக்கு அரைமணி நேரம் போதும், மிச்ச நேரத்த எல்லாம் ஓடைக்குக் குடுங்க.

கழிமுகம்:
சேத்துக்கால் சொன்னதோட ஒண்ணு சேர்க்கணும். முதலை பெருகினதுக்கான விலைய குடுக்குறது சுத்தி இருக்கிற கிராமத்து ஜனங்க. குளிக்கப் போன இடத்துல, மாடு தண்ணி குடிக்கிற இடத்துல எல்லாம் தாக்குதல் நடந்திருக்கு, உயிரும் போயிருக்கு, அதனால பல படித்துறைல வேலி போட்டு வச்சிருக்காங்க. அந்த வேலிய பாத்தா பசங்ககிட்ட நிப்பாட்டி சொல்லுங்க. அதே ஜனங்களுக்கு அந்தக் காடும் வேணும், 1999 சூப்பர் புயல்ல அலையாத்திக் காடு முன்னாடி நின்ன ஊர்ல சாவு கம்மி.

ஊர்சுத்தும்_அம்மா:
ரொம்ப நன்றிங்க, டிசம்பருக்கு மாத்திட்டேன். படகுல எந்த நேரம் போனா நல்லா பாக்கலாம்?

சேத்துக்கால்:
கடிகாரத்த பாக்காதீங்க, வத்தம் எப்பன்னு படகுக்காரர்கிட்ட கேளுங்க. தண்ணி வத்துனா தான் சேத்துக்கரை வெளிய தெரியும், முதலை வாயப் பொளந்துட்டுப் படுத்திருக்கும், அது கோவம் இல்ல, ஒடம்புச் சூட்ட தணிச்சுக்குது. இன்ஜின ஆஃப் பண்ணச் சொல்லிட்டு பேசாம உக்காருங்க, மீன்கொத்தி மட்டுமே வகைவகையா வந்து உக்காரும்.