கொள்ளை நல்லபடியா முடியும், அப்புறம்தான் வினை: பிரிட்டிஷ் கொள்ளைப் படங்களில் மனசை விடாத ஒரு காட்சி

பழையபிரிண்ட்

'தி லேடிகில்லர்ஸ்' (1955). சங்கீதக் குழுன்னு பொய் சொல்லி ஒரு பாட்டி வீட்டுல அறை எடுத்துக் கொள்ளைக்குத் திட்டம் போடற அஞ்சு பேர் கதை. நேரா வாசக்கதவுக்கு வந்துடறேன்.

60,000 பவுண்ட் கைக்கு வந்தாச்சு. பணம் இருந்த டிரங்குப் பெட்டியைக் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷன்லேர்ந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததே ஒண்ணும் தெரியாத வீட்டுக்காரப் பாட்டிதான். பணம் பிரிச்சாச்சு, பாட்டிகிட்ட விடைபெற்றாச்சு. கடைசியா வெளியே வர்ற பெரிய உடம்புக்காரன் கையில செல்லோ பெட்டி. கதவு சாத்தும்போது பெட்டி இடுக்குல மாட்டிக்குது. இழுக்கறான். பெட்டி வாயைப் பிளக்குது, நோட்டெல்லாம் பாட்டி கண்ணெதிரே வாசல்ல கொட்டுது.

துப்பாக்கி இல்ல, துரோகம் இல்ல, அலாரம் இல்ல. ஆனா படம் முழுக்க அந்தக் கூட்டத்துக்குத் தொல்லை வந்தது கதவு வழியாத்தான். வாசிக்கற மாதிரி காட்டிக்க கிராமஃபோன்ல போக்கெரினி இசைத்தட்டு ஓடிட்டிருக்கும், பாட்டி டீ வேணுமான்னு கதவைத் தட்டுவாங்க, அஞ்சு பேரும் வாத்தியத்தைத் தூக்கிக்கிட்டு ஓடுவாங்க. கடைசியில அதே வீட்டுக் கதவு காட்டிக்கொடுக்குது. திட்டத்துல எதுவும் பிசகல. வீடுதான் பிடிச்சுக்கிச்சு.

உங்களுக்கு எந்தக் காட்சி?


நம்பர்_பிளேட்

'தி லீக் ஆஃப் ஜென்டில்மென்' (1960). பஸில் டியர்டன் இயக்கம், ஜாக் ஹாக்கின்ஸ் நடிப்பு.

ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி, கறைபடிந்து ராணுவத்தை விட்டு வெளியேறிய ஏழு பேருக்குத் தபால் அனுப்புகிறார். ஒரு மலிவு விலைக் குற்ற நாவல், பாதியாக வெட்டிய ஐந்து பவுண்ட் நோட்டுகள் பத்து. மறுபாதி வேண்டுமென்றால் மதியச் சாப்பாட்டுக்கு வர வேண்டும். ஆள் சேர்க்க இதைவிடச் சுருக்கமான வழியை எந்தப் படத்திலும் பார்க்க முடியாது. பாதி நோட்டை வைத்து எதுவும் வாங்க முடியாது, தூக்கிப் போடவும் மனசு வராது. வந்தே தீர வேண்டும்.

பிறகு எல்லாம் ராணுவ ஒழுங்கு. முகாமுக்குள் சாப்பாட்டுச் சோதனை என்று புகுந்து ஆயுதம் எடுப்பது, புகை குண்டு, வாயு முகமூடி. வங்கிக் கொள்ளை பிசிறில்லாமல் நடந்து முடிகிறது. வெளியே தெருவில் ஒரு பொடியன். வண்டி நம்பர்களை நோட்டில் எழுதுவது அவனுக்குப் பொழுதுபோக்கு. அவ்வளவுதான், மாட்டிக்கொண்டார்கள்.

பழையபிரிண்ட் சொன்ன கதவு தற்செயல். இது தற்செயல் இல்லை. அன்றைக்கு பிரிட்டனில் ரயில் நம்பர், கார் நம்பர் எழுதும் பையன்கள் தெருவுக்குத் தெரு உண்டு. காவலரின் ரோந்து நேரத்தைக் கணக்கில் எடுத்த அதிகாரிக்குக் குழந்தைகள் கண்ணில் படவே இல்லை. அவருடைய வகுப்பு, வளர்ப்பு எல்லாம் அந்த ஒரு ஓட்டையில் தெரிகிறது.


உருக்காலை

எல்லாரும் மாட்டிக்கொள்வதையே பேசுகிறீர்கள். வேலை நடக்கும் விதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. 'தி லாவண்டர் ஹில் மாப்' (1951): வங்கித் தங்கம் வண்டியில் போகும்போது பல வருடமாகக் காவலாகக் கூடப்போகும் குமாஸ்தா, ஈயத்தில் நினைவுப் பொருள் வார்க்கும் பட்டறைக்காரர், தங்கத்தை உருக்கி ஈபிள் கோபுர பேப்பர்வெயிட்டாக்கி பாரிசுக்கு ஏற்றுமதி. எனக்கு அந்த ஆறு கோபுரங்கள்தான். பெட்டிமேல் இருந்த எழுத்தின் உச்சரிப்பைத் தவறாகப் புரிந்துகொண்டு விற்பனைப் பெண் அந்தப் பெட்டியைத் திறந்துவிடுகிறார். இங்கிலாந்திலிருந்து சுற்றுலா வந்த பள்ளிச் சிறுமிகள் ஆறு வாங்கிப் போய்விடுகிறார்கள். ஐந்து திரும்புகிறது. ஆறாவது சிறுமி தரமாட்டேன் என்கிறாள், தனக்குத் தெரிந்த போலீஸ்காரருக்குப் பரிசாம்.

இப்படிக் கொள்ளைக் கதை எழுத நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: முதலில் எடையைப் போடுங்கள். 1951-இல் தங்கம் ஒரு டிராய் அவுன்ஸ் ஏறத்தாழ 12 பவுண்ட் 8 ஷில்லிங். பத்து லட்சம் பவுண்ட் என்றால் சுமார் 80,600 அவுன்ஸ், அதாவது இரண்டரை டன். 400 அவுன்ஸ் கட்டியாக இருநூறு. ஆனால் கன அளவு 130 லிட்டர்தான், ஒரு எண்ணெய் பீப்பாய்க்குள் அடங்கும். இடம் பிரச்சினையே இல்லை, எடைதான் பிரச்சினை.

அடுத்து வார்ப்பு. ஈயம் 327 டிகிரியில் உருகும், தங்கத்துக்கு 1064 வேண்டும். ஈயத்துக்கென்று செய்த அச்சில் தங்கத்தை அப்படியே ஊற்றினால் கோபுரத்தின் மெல்லிய கால்களுக்குள் போவதற்குள் உறைந்துவிடும், பாதிக் கோபுரம்தான் வரும். அச்சை முன்கூட்டியே சூடாக்கி உள்ளே புகைக்கரி பூச வேண்டும். அச்சில் ஈரம் ஒரு சொட்டு இருந்தாலும் உலோகம் மேலே தெறிக்கும். மூசையில் வெண்காரம் தூவாவிட்டால் அழுக்கு மேலே திரளாது. இதெல்லாம் தெரிந்த ஆள் பட்டறைக்காரர்தான் என்பதால்தான் அந்தக் கூட்டணி பொருந்துகிறது: குமாஸ்தாவுக்குத் தங்கம் தெரியும், அவருக்கு அச்சு தெரியும்.

கதையில் எனக்கு உறுத்தும் இடமும் அதுவே. தங்கத்தின் அடர்த்தி 19.3, ஈயம் 11.3. அரைக்கிலோ ஈயக் கோபுரம் தங்கத்தில் 850 கிராம் வரும். ஈயக் கோபுரப் பெட்டிகளை நாள்தோறும் தூக்கும் சுங்கத்துறை ஆள் கையில் எடுத்த மாத்திரத்தில் முழிப்பான். பெட்டிக்குக் கோபுரங்களின் எண்ணிக்கையைக் குறைத்தால் தப்பிக்கலாம், பத்து ஈயம் வைக்கும் பெட்டியில் ஆறு தங்கம். மீதி இடத்தில் வைக்கோல்.


தண்டவாளம்

நம்பர்_பிளேட், ராணுவ ஒழுங்குதான் அழகுன்னு சொல்ற மாதிரி இருக்கு. அந்த அழகு நிஜத்துல எப்படிக் கிழிஞ்சதுன்னு பார்க்கணும்னா 1963 ஆகஸ்ட் 8-ல நடந்த ரயில் கொள்ளை. பீட்டர் யேட்ஸ் எடுத்த 'ராபரி' (1967) அதை வச்சுதான் வந்துச்சு.

கிளாஸ்கோலேர்ந்து லண்டன் வர்ற தபால் ரயில். பக்கிங்ஹம்ஷயர்ல சியர்ஸ் கிராசிங் சிக்னல். பச்சை விளக்கு மேல ஒரு கையுறை. சிவப்பு விளக்குக்கு ஆறு வோல்ட் பேட்டரி நாலு. டெலிபோன் கம்பி அறுத்தாச்சு. விடிகாலை மூணு மணிக்கு ரயில் நிக்குது. எஞ்சினையும் முதல் ரெண்டு பெட்டியையும் மட்டும் கழட்டி, லாரி காத்திருக்கிற பாலத்துக்கு அரை மைல் ஓட்டணும்.

எனக்கு மனசை விட்டுப் போகாதது அடுத்த நிமிஷம். ஓட்டறதுக்குன்னு கூட்டிட்டு வந்த ஓய்வுபெற்ற டிரைவருக்கு அந்தப் பெரிய டீசல் எஞ்சின் கைவசம் இல்ல. அவர் பழகினது யார்டுல பெட்டிகளை மாத்தற சின்ன ஷண்டிங் எஞ்சின். இத்தனை மாசத் திட்டத்துல, இதே வகை எஞ்சினை ஓட்டியிருக்கீங்களான்னு ஒரு கேள்வி ஒழுங்கா கேக்கல. அதுக்குள்ள உண்மையான டிரைவர் ஜாக் மில்ஸ் தலையில அடிச்சாச்சு. ரத்தம் வழிய வழிய அவரையே ஓட்ட வைக்கிறாங்க. அவர் அதுக்கப்புறம் பழைய மனுஷனாவே ஆகல. கொள்ளைப் படம் ரசிக்கிறவங்க இந்த ஒரு பேரை மறக்கக் கூடாது.

120 மூட்டை, 26 லட்சம் பவுண்ட். போகும்போது தபால்காரங்ககிட்ட அரைமணி நேரம் அசையாதீங்கன்னு சொன்னதுதான் போலீசுக்குக் கிடைச்ச முதல் அளவுகோல். அரைமணியில எவ்வளவு தூரம் போக முடியும்? முப்பது மைல் வட்டம் போட்டாங்க, கொள்ளைக்காரங்க ஒளிஞ்சிருந்த பண்ணைவீடு அதுக்குள்ள வந்துச்சு. பொழுதுபோக்க விளையாடின மோனோபோலி அட்டையில கைரேகை. கையுறையை சிக்னலுக்கு மாட்டினவங்க விளையாடும்போது கையில மாட்டல.


மூணாவது_மினி

உருக்காலை எடையை எடுத்தார், அதனால 'தி இட்டாலியன் ஜாப்' (1969). 40 லட்சம் டாலர் தங்கம், டூரின் நகரம், போக்குவரத்துக் கம்ப்யூட்டரைக் குழப்பி ஊரையே நிறுத்தறது, சிவப்பு வெள்ளை நீலம்னு மூணு மினி. அவுன்ஸ் 35 டாலர்னு அதிகாரபூர்வ விலையில போட்டா மூன்றரை டன் வருது. ஒரு மினிக்கு 1,180 கிலோ. மினியோட சொந்த எடையே கிட்டத்தட்ட 650 கிலோதான். அந்த பாரத்தோட படிக்கட்டு இறங்கினா சஸ்பென்ஷன் முதல் படியிலேயே தரை தட்டும். படத்துல மினிங்க துள்ளுது.

ஆனா என் காட்சி, மினிங்ககிட்டேர்ந்து தங்கத்தை மாத்தி ஏத்தின பஸ். ஆல்ப்ஸ் மலைச் சாலையில பாதி வெளியே தொங்கற பஸ், பின்பக்கம் தங்கம், முன்பக்கம் ஆட்கள். ஒரு அடி எடுத்து வச்சா தங்கம் இன்னும் வழுக்குது. படம் அங்கேயே முடிஞ்சிடுது.

ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி இதுக்குத் தீர்வு கேட்டுப் போட்டியே வச்சது. ஜெயிச்ச விடை 2009 ஜனவரியில வந்துச்சு. வரிசை முக்கியம். முதல்ல பின்பக்க ஜன்னல் கண்ணாடியை வெளியே விழற மாதிரி உடைக்கணும், பாரம் குறையும். முன்ஜன்னல் வழியா ஒரு ஆளைக் கயித்துல தொங்கவிட்டு முன்சக்கரக் காத்தைப் பிடுங்கணும், ஆட்டம் நிக்கும். பின்பக்கம் இருக்கிற டேங்க் எரிபொருளை வடிக்கணும். அப்புறம்தான் ஒரு ஆள் வெளியே போய் கல் பொறுக்கி முன்பக்கம் நிரப்பணும். கல் ஏறினதும் தங்கத்தை எடுக்கலாம். காத்தைப் பிடுங்காம ஆள் இறங்கினா ஆட்டத்திலேயே பஸ் போயிடும்.

படத்தோட நாயகன் மைக்கேல் கெயின் 2008-ல சொன்ன முடிவு வேற: எஞ்சினை ஓடவிட்டு பெட்ரோல் தீர்ந்ததும் பஸ் நிமிரும், ஆட்கள் குதிப்பாங்க, தங்கம் கீழே உருளும், கீழே மாஃபியா காத்திருக்கும். எனக்கு இது பிடிக்கல. திறந்த முடிவுதான் சரி.


கான்கிரீட்

நீங்கள் சொன்ன மைக்கேல் கெயின் 'கிங் ஆஃப் தீவ்ஸ்' (2018) படத்தில் கிழவராகத் திரும்பி வருகிறார். 2015 ஈஸ்டர் விடுமுறையில் லண்டன் நகைக்கடைப் பகுதியான ஹாட்டன் கார்டனில் பெட்டக அறையைத் துளைத்த முதியவர்கள் கதை.

சுவர் 50 சென்டிமீட்டர் கான்கிரீட். வைர முனை கோர் டிரில். ஒரு துளையில் ஆள் நுழைய முடியாது, ஆகவே பக்கம் பக்கமாக ஒன்றோடு ஒன்று சேரும்படி மூன்று. கிடைத்த வாசல் 25 சென்டிமீட்டர் உயரம், 45 அகலம். இந்த வேலைக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முனை சூடேறி வைரம் மழுங்கிவிடும், இயந்திரம் உறுமும், துளை இறங்காது. டிரில்லைச் சுவரிலும் தரையிலும் இறுக்கிக் கட்டாவிட்டால் இரண்டாவது துளை முதல் துளைப் பக்கம் சரியும்.

மூன்று துளையும் போட்டாயிற்று. உள்ளே பார்த்தால் பெட்டக அலமாரியின் முதுகு. அதைத் தள்ள ஹைட்ராலிக் ஜாக் வைக்கிறார்கள், ஜாக் கெட்டுப்போகிறது. அத்தனை கான்கிரீட்டையும் ஜெயித்தவர்கள் இரும்பு அலமாரியின் முன் வெறுங்கையோடு நிற்கும் நேரம் அது. ஒருவர் விலகிப் போகிறார். மற்றவர்கள் வேறு ஜாக் வாங்கி வந்து மறுபடி இறங்குகிறார்கள். 999 பெட்டகத்தில் 73 உடைந்தது.

தண்டவாளம் சொன்ன கேள்விதான் இங்கேயும்: உதிரி ஜாக் ஏன் முதல் இரவே கையில் இல்லை? 1971 பேக்கர் தெரு வங்கியைப் பாருங்கள், 'தி பேங்க் ஜாப்' (2008) அதிலிருந்து வந்தது. பக்கத்துத் தோல்பொருள் கடையிலிருந்து உணவகத்துக்கு அடியில் 40 அடி சுரங்கம். பெட்டக அறையின் தரைக்குத் உருக்கித் துளைக்கும் கருவியான தெர்மல் லான்ஸ் உதவவில்லை, வெடிமருந்து இருந்தது, வேலை நின்றுபோகவில்லை. அவர்களைக் கிட்டத்தட்டக் காட்டிக்கொடுத்தது வாக்கிடாக்கி. அமெச்சூர் ரேடியோக்காரர் ஒருவர் அந்தப் பேச்சைக் கேட்டுப் பதிவு செய்து போலீசுக்குச் சொன்னார். பத்து மைல் சுற்றில் 750 வங்கி சோதித்தார்கள், அந்த வங்கிக்கும் வந்தார்கள். குறித்த நேரத்துக்கு முன் திறக்காத நேரப்பூட்டு, கதவு திறக்காது, பூட்டு உடையவில்லை, திரும்பிப் போனார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் திருடர்கள்.


பழையபிரிண்ட்

கான்கிரீட், நீங்க சொன்ன அந்தக் கதவைத்தான் நான் தேடிட்டிருந்தேன். ஒரு கதவு மாட்டிவிடுது, ஒரு கதவு காப்பாத்துது.

உருக்காலைக்கும் மூணாவது_மினிக்கும் ஒரு தகவல். லாவண்டர் ஹில்லுக்கும் இட்டாலியன் ஜாபுக்கும் ஒளிப்பதிவு ஒரே ஆள், டக்ளஸ் ஸ்லோகம்ப். நடுவுல 18 வருஷம். ஈபிள் கோபுரச் சுழல்படியில குமாஸ்தாவும் பட்டறைக்காரரும் சிறுமிகளைத் துரத்தி இறங்கறப்ப நமக்கே தலை சுத்தும். பஸ் தொங்கறப்ப கேமரா வானத்துலேர்ந்து விலகி விலகிப் போகும். ரெண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்க. கருப்பு வெள்ளையில இருக்கற அந்தச் சுழல்படிக் காட்சியை, சத்தத்தை நிறுத்திட்டு.