போலோ மீட்டரில் ஸ்பேனர் குறி போக மாட்டேன் என்கிறது. ஆயில் மாற்றியாச்சு, இனி என்ன?

கோவை போலோ:
வணக்கம். வண்டி 2016 ஃபோக்ஸ்வேகன் போலோ, 1.2 பெட்ரோல். வாரண்டி எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனிடம் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் மூன்றும் மாற்றினேன். வேலை சுத்தம். ஆனால் சாவியைத் திருப்பும்போதெல்லாம் 'டிங்' என்று ஒரு சத்தம், மீட்டரில் ஸ்பேனர் படம், பக்கத்தில் மைனஸ் 23 நாள். சில விநாடி இருந்துவிட்டுப் போகிறது. மறுபடி சாவி போட்டால் மறுபடி டிங். என் பொண்ணு இப்போது அந்தச் சத்தத்தை வாயாலேயே போட ஆரம்பித்துவிட்டாள்.

அண்ணன், "அதுக்கு கம்ப்யூட்டர் வேணும் தம்பி, நம்மகிட்ட இல்ல" என்று கை விரித்துவிட்டார். சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தால், ஸ்கேன் போட 900 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி என்கிறார்கள். சரி என்று 500 ரூபாய்க்கு ஒரு ப்ளூடூத் ஓபிடி (வண்டியின் கோளாறுகளைப் போனில் காட்டும் சின்ன டாங்கிள்) வாங்கி ஸ்டியரிங்குக்குக் கீழே செருகிப் பார்த்தேன். ஆப் "கோளாறு எதுவும் இல்லை" என்று பச்சை டிக் போடுகிறது. ஸ்பேனர் அப்படியே இருக்கிறது.

இன்னொன்றும் புரியவில்லை. போன சர்வீஸுக்குப் பிறகு வண்டி ஓடியதே 6,200 கி.மீ. தான். புத்தகத்தில் 15,000 என்றுதானே இருக்கிறது?

பழைய சாவி:
முதலில் ஒன்றை உறுதி செய்யுங்கள். ஸ்பேனர் படம்தானா? மஞ்சள் எஞ்சின் படம் என்றால் கதை வேறு. சிவப்பு எண்ணெய்க் கேன் படம் என்றால் இங்கே எழுதிக்கொண்டிருக்காதீர்கள், வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள். அது ஆயில் பிரஷர் விளக்கு. அதை 'சர்வீஸ் லைட்' என்று நினைத்து ஓட்டி எஞ்சினையே இறக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கோவை போலோ:
ஸ்பேனர்தான் சார். நூறு சதவீதம்.

டீசல் மாமா:
அப்படியானால் பயப்பட ஒன்றுமில்லை தம்பி. அந்த ஸ்பேனருக்கு உங்கள் ஆயிலைப் பற்றி ஒன்றும் தெரியாது. மீட்டருக்குள் ஓடும் ஒரு கணக்கு, அவ்வளவுதான். 15,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது கூப்பிடும். உங்களுக்கு வருடம் முதலில் வந்துவிட்டது, அதற்கு மேல் 23 நாள் தாண்டிவிட்டது. மைனஸ் என்றால் அதுதான் அர்த்தம்.

ஓபிடி ஏன் உதவவில்லை என்றால், அந்த மலிவு டாங்கிள் பேசுவது எஞ்சின், புகை சம்பந்தப்பட்ட கோளாறுக் குறியீடுகளை மட்டும். ஸ்பேனர் ஒரு கோளாறே இல்லையே, அழிக்க அதில் என்ன இருக்கிறது? 500 ரூபாய் வீண் என்று நினைக்காதீர்கள், என்றாவது எஞ்சின் விளக்கு எரிந்தால் உதவும்.

இப்போது செய்ய வேண்டியது: இக்னிஷனை முழுக்க அணையுங்கள். மீட்டரில் டிரிப்பை ஜீரோ செய்யும் 0.0/செட் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். பிடித்தபடியே சாவியைத் திருப்பி இக்னிஷன் ஆன் செய்யுங்கள். இப்போது அந்தப் பட்டனை விட்டுவிட்டு, கடிகார நேரம் மாற்றும் பட்டனை 20 விநாடிக்குள் ஒருமுறை அழுத்துங்கள். முடிந்தது. வண்டியோடு வந்த புத்தகத்திலேயே இருக்கிறது, யாரும் அந்தப் பக்கத்தைத் திறப்பதில்லை.

அதற்கு முன் ஒரு கேள்வி. ஊற்றிய ஆயில் டப்பாவின் பின்பக்கம் வி.டபிள்யூ. 502 00 என்று, அதாவது ஃபோக்ஸ்வேகனின் ஆயில் தர எண், அச்சடித்திருக்கிறதா? உங்கள் பெட்ரோல் எஞ்சினுக்கு அந்த எண் வேண்டும். 'ஃபுல் சிந்தெடிக்' என்று முன்பக்கம் கொட்டை எழுத்தில் இருந்தால் மட்டும் போதாது.

கோவை போலோ:
மாமா, டப்பாவைத் தூக்கிப் போடவில்லை. எடுத்துப் பார்த்தேன், 502 00 இருக்கிறது. அப்பாடா.

ஆனால் ரீசெட் ஆகவில்லை. மூன்று முறை செய்துவிட்டேன். பட்டனைப் பிடித்துக்கொண்டு சாவி போட்டேன், எஞ்சின் ஸ்டார்ட் ஆனது, பட்டனை விட்டேன், மறுபடி அழுத்தினேன். அதே ஸ்பேனர்.

டீசல் மாமா:
எஞ்சின் ஏன் ஸ்டார்ட் ஆனது? இக்னிஷன் ஆன் என்றுதானே சொன்னேன். மீட்டர் விளக்குகள் எரிந்ததும் சாவியை அங்கேயே நிறுத்துங்கள், கிராங்க் வேண்டாம். கை பழக்கத்தில் முழுக்கத் திருப்பிவிடுகிறது, எல்லோருக்கும் நடப்பதுதான். அப்புறம், "மறுபடி அழுத்தினேன்" என்றால் எதை? அதே 0.0 பட்டனையா? இரண்டாவது அழுத்த வேண்டியது கடிகாரப் பட்டன்.

கோவை போலோ:
இரண்டு தப்பும் செய்திருக்கிறேன் 🙂 இப்போதுதான் பார்க்கிங்கில் உட்கார்ந்து நிதானமாகச் செய்தேன். போய்விட்டது! சாவியை எடுத்து மறுபடி போட்டும் பார்த்தேன், டிங் இல்லை. சர்வீஸ் மெனுவில் 15,000 கி.மீ., 365 நாள் என்று காட்டுகிறது. 900 ரூபாய் மிச்சம். நன்றி மாமா.

பழைய சாவி:
நல்லது. ஆனால் இவ்வளவு சுலபம் என்பதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. பழைய வண்டி விற்கிறவருக்கும் இந்த 20 விநாடி வேலை தெரியும். போன மாதம் என் மச்சான் ஒரு வண்டி பார்க்கப் போனார். "பாருங்க சார், இப்பதான் சர்வீஸ், 15,000 காட்டுது" என்று மீட்டரைக் காட்டினார் விற்கிறவர். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்துப் பார்த்தால் தார் மாதிரி கறுப்பு. மீட்டரைப் பார்த்து நம்பாதீர்கள், பில்லைக் கேளுங்கள்.

ஜெர்சி தமிழன்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நான் அமெரிக்காவில் இருக்கிறேன், 2010 கொரோலா. இதே கதை: நானே ஆயில் மாற்றினேன், மெயின்டனன்ஸ் ரிக்வயர்டு விளக்கு அணையவில்லை. இதில் கடிகாரப் பட்டன் வேலை செய்யவில்லையே? அப்புறம் டீலரிடம் போகாவிட்டால் வாரண்டி போய்விடும் என்று ஆபீஸில் பயமுறுத்துகிறார்கள். 2010க்கு எது வாரண்டி என்று கேட்காதீர்கள், மனைவியின் புது வண்டிக்காகக் கேட்கிறேன்.

டீசல் மாமா:
கொரோலாவுக்கு வழி வேறு. முதலில் டிஸ்ப்ளேயை டிரிப் ஏ-க்குக் கொண்டுவந்துவிட்டு வண்டியை அணையுங்கள். டிரிப் பட்டனை அழுத்திப் பிடித்தபடி சாவியை ஆன் வரை திருப்புங்கள், இங்கேயும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. கோடுகள் ஒவ்வொன்றாகப் போய் 000000 வரும் வரை விரலை எடுக்காதீர்கள். டிரிப் ஏ-க்குப் பதில் டிரிப் பி இருந்தால் ஆகாது, நிறையப் பேர் கோட்டை விடும் இடம் அது. அதுவும் வெறும் 5,000 மைல் கணக்குதான்.

வாரண்டிக்கு உங்கள் ஊரில் 1975ஆம் வருடத்து மேக்னசன்–மாஸ் சட்டம் இருக்கிறது. டீலரிடம்தான் ஆயில் மாற்ற வேண்டும் என்று வாரண்டிக்கு நிபந்தனை போட முடியாது. ஆயில், ஃபில்டர் வாங்கிய ரசீது, தேதி, ஓடிய மைல் மூன்றையும் எழுதி வைத்திருங்கள்.

ஸ்பேனர் 13:
நம் ஊரிலும் இது பெரிய பஞ்சாயத்தாக இருந்ததுதான். வெளி மெக்கானிக்குகளுக்கு உதிரி பாகமும் ஸ்கேன் கருவியும் கிடைக்க விடவில்லை என்று 2014இல் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. தெரு மெக்கானிக் "கம்ப்யூட்டர் இல்ல தம்பி" என்றால் அவர் சோம்பேறி என்று அர்த்தமில்லை.

பட்டனில் போகாமல் அடம் பிடிக்கும் வண்டிக்கு விசிடிஎஸ் கேபிள் (ஃபோக்ஸ்வேகன் வண்டிகளை லேப்டாப்பில் இணைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவி) வைத்திருப்பவரைப் பிடியுங்கள். அதில் 17 இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற மீட்டர் பகுதிக்குள் போனால், சர்வீஸ் நினைவூட்டலை அழிக்க எஸ்ஆர்ஐ ரீசெட் என்றே இருக்கிறது.

ஜெர்சி தமிழன்:
டிரிப் பி-யில் வைத்துக்கொண்டுதான் அரை மணி நேரம் போராடியிருக்கிறேன். இப்போது அணைந்துவிட்டது. நன்றி.

கோவை போலோ:
கடைசியாக ஒரு விஷயம். மெக்கானிக் அண்ணனிடம் போய், கம்ப்யூட்டர் வேண்டாம், இரண்டு பட்டன் போதும் என்று செய்து காட்டிவிட்டு வந்தேன். "அட, இவ்வளவுதானா" என்றார். இன்று காலை அவரிடமிருந்து போன்: "தம்பி, ஒரு வெண்டோ வந்து நிக்குது. அந்த ரெண்டாவது பட்டன் எதுன்னு சொன்னீங்க?"