அயனி உந்தியில் "கிரிட்": வலையா, சல்லடையா, நெய்யரியா?

கலைச்சொல் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

விண்கலங்களின் மின்னுந்தல் பற்றிய நூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அயனிப் பொறி அத்தியாயத்தைத் திங்கட்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும். த்ரஸ்டர் (கலத்தை உந்தும் கருவி), கிரிட், நியூட்ரலைசர் மூன்றுக்கும் தமிழ்ச் சொல் இடிக்கிறது.

சூழல் இதுதான். செனான் வாயுவை ஓர் அறைக்குள் விட்டு, எதிர்மின்னிகளால் (எலெக்ட்ரான்) மோதி அயனியாக்குகிறார்கள். அறையின் வாயில் இரண்டு உலோகத் தகடுகள், ஆயிரக்கணக்கான துளைகளோடு. இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளி இல்லை, ஆனால் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்த வேறுபாடு. அயனிகள் துளை வழியே வினாடிக்கு 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கின்றன. அந்தத் தகடுதான் கிரிட். இப்போதைக்கு "வலை" என்று போட்டிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.

செ.

———

அன்புள்ள செ.,

த்ரஸ்டருக்கு "உந்தி" போதும். உந்துவது உந்தி. கொப்பூழுக்கும் அதுதான் பெயர் என்று யாராவது கிளம்புவார்கள். கிளம்பட்டும். விண்கலத்துக்குக் கொப்பூழ் இல்லை, குழப்பமும் வராது. "உந்துபொறி" வேண்டாம். ராக்கெட் எஞ்சினுக்கு அதைத்தான் எழுதுகிறோம், ஒரே பக்கத்தில் இரண்டும் வந்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

வலை கண்டிப்பாகக் கூடாது. வலை நூலால் பின்னியது. இது துளையிட்ட தகடு. "சல்லடை" என்று எழுதுங்கள், பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்.

வ.மு.

———

வ.மு. ஐயாவுக்கு,

சல்லடை பெரியதை நிறுத்திச் சிறியதை விடும். இங்கே நடப்பது தலைகீழ். செனான் அயனி எதிர்மின்னியைவிட இரண்டு லட்சம் மடங்குக்கும் மேல் கனமானது. அது வெளியே போகிறது, துளியூண்டு எதிர்மின்னி உள்ளேயே நிற்கிறது. மாணவர் கேட்டால் என்ன சொல்வது?

நான் இருபுறமும் பார்த்து நொந்தவள். தூய தமிழ் என்று ஒன்றை எழுதினால் பிள்ளைகளுக்குப் புரிவதில்லை, புரியும்படி எழுதினால் இந்தக் குழுவில் அடி விழுகிறது. பேசாமல் "கிரிட்" என்றே விட்டால் என்ன?

பூ.

———

அம்மா, விடக் கூடாது. கிரிட், நியூட்ரலைசர், பிளாஸ்மா, கேத்தோடு என்று அடுக்கினால் வினைமுற்று மட்டும்தான் தமிழில் மிஞ்சும்.

"அயனி"யையே எடுத்துக்கொள்ளுங்கள். 1834-ல் ஃபாரடே இந்தச் சொற்களுக்காக வில்லியம் ஹ்யூவெல் என்ற அறிஞரிடம் கேட்டு எழுதினார். அப்படி வந்தவைதான் ஆனோடும் கேத்தோடும் அயானும். ஃபாரடேக்கே ஒரு கலைச்சொல் குழு தேவைப்பட்டது! அயான் கிரேக்கத்தில் "செல்வது". உத்தராயணத்தில் வரும் அயனமும் அதே வேர்தான், செல்லுகை. ஒலிக்காகப் பிடித்துப் போட்ட "அயனி" பொருளிலும் பொருந்திவிட்டது. ஆனால் அயனம் வடசொல். நியாயமாக நாம் "ஏகி" என்று எழுதியிருக்க வேண்டும். ஏகுவது ஏகி. இன்னமும் காலம் கடந்துவிடவில்லை.

கிரிட்டுக்கு என் பரிந்துரை: நெய்யரி. நன்னூலில் கடைமாணாக்கனுக்குச் சொன்னது, "இல்லிக்குடம் ஆடு எருமை நெய்யரி". நெய்யைக் கீழே விட்டுவிட்டு அழுக்கைப் பிடித்துக்கொள்ளும் பன்னாடை. வேண்டிய அயனியை விட்டுவிட்டு எதிர்மின்னியைப் பிடித்துக்கொள்ளும் தகட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்குமா?

த.

———

த. ஐயா, பன்னாடை என்று வகுப்பில் சொல்லிப் பாருங்கள். அப்புறம் பாடம் நடக்காது. ஏகியும் வேண்டாம், "எங்கே ஏகி?" என்றுதான் கேட்பார்கள்.

பூ.

———

எல்லோருக்கும்,

பொறியியல் பக்கத்திலிருந்து கொஞ்சம். கிரிட் சலிக்கிறதா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. இரண்டு தகடும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

உள்தகடு அறையின் எதிர்மின்னிகளைத் தடுத்து, அயனிகளைத் துளைக்குள் விடுகிறது. வெளித்தகடு எதிர்மின்னழுத்தத்தில் இருக்கும். அயனியை இழுப்பது அதுதான். வெளியிலிருக்கும் எதிர்மின்னிகள் திரும்பி உள்ளே பாயாமல் விரட்டுவதும் அதுதான். அதன் துளைகள் உள்தகட்டின் துளைகளைவிடச் சிறியவை, அயனியாகாத செனான் வீணாக ஒழுகக் கூடாது என்பதற்காக. அப்படியும் கொஞ்சம் ஒழுகும். ஒழுகிய அணுக்களிடம் வேகமான அயனி மின்னூட்டத்தை மாற்றிக்கொண்டால் மந்தமான அயனிகள் பிறக்கும். அவை வெளித்தகட்டில் வந்து விழுந்து உலோகத்தை அரிக்கும். பொறியின் ஆயுளைத் தீர்மானிப்பதில் இந்த அரிப்புக்குப் பெரிய பங்கு. தகட்டை மாலிப்டினத்திலோ கார்பனிலோ செய்வதும் அதற்காகத்தான்.

இன்னொன்று. தகடுகளை நெருக்கினால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குக் கிடைக்கும் உந்துவிசை கூடும், இடைவெளியைப் பாதியாக்கினால் ஏறத்தாழ நான்கு மடங்கு. ரொம்ப நெருக்கினால் தீப்பொறி பாயும். வடிவமைப்பவரின் தலைவலியில் பாதி இந்த இடைவெளிதான். நாசாவின் டான் விண்கலத்தின் பொறி முழு வேகத்தில் தந்த உந்துவிசை 92 மில்லிநியூட்டன், பூமியில் 9 கிராம் சொச்சத்தின் எடை. அதை வைத்துக்கொண்டு 2011-ல் வெஸ்டா என்ற சிறுகோளுக்கும் 2015-ல் சிரிஸ் என்ற குறுங்கோளுக்கும் போனது.

ஆகவே ஒரு பொதுப்பெயரும் இரண்டு அடைமொழியும் வேண்டும். உள்தகடு திரைச் சல்லடை, வெளித்தகடு முடுக்குச் சல்லடை. சலிப்பது அளவை வைத்து அல்ல, மின்னூட்டத்தை வைத்து என்று ஒரு வரி எழுதிவிட்டால் பூ. அம்மாவின் மாணவர் கேள்விக்கும் பதில் ஆயிற்று.

நியூட்ரலைசரை "நடுநிலையாக்கி" என்று எழுதாதீர்கள், அமிலமும் காரமும் நினைவுக்கு வரும். அது எதிர்மின்னிகளை உமிழ்ந்து, வெளியேறும் அயனிக் கற்றையோடு சேர்க்கிறது. அப்படிச் செய்யாவிட்டால் கலம் எதிர்மின்னூட்டம் ஏறி, விட்ட அயனிகளையே திரும்ப இழுத்துக்கொள்ளும். "மின்சமனி" எப்படி?

கோ.

———

மின்சமனி நன்று. சல்லடைக்கு என் வாக்கு ஏற்கெனவே உண்டு. புறநானூற்றின் "வலவன் ஏவா வானவூர்தி" (ஓட்டுநர் இல்லாத வானூர்தி) இந்த இழையில் இன்னும் வரவில்லையே என்று ஆச்சரியப்பட்டேன், நானே கொண்டுவந்துவிட்டேன்.

வ.மு.

———

அனைவருக்கும் நன்றி. உந்தி, திரைச் சல்லடை, முடுக்குச் சல்லடை, மின்சமனி என்று மாற்றிவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் "கிரிட் எனப்படும் சல்லடை" என்று இருக்கும். நெய்யரிக்கு அடிக்குறிப்பில் இடம் கேட்டுப் பார்க்கிறேன், பதிப்பாசிரியர் கையில் இருக்கிறது.

செ.

———

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். சல்லடை மாவுக்கு. "மின்சமனி"யில் சமம் வடசொல், அதை ஒருவரும் கேட்கவில்லை. "மின்னிகரி" என்று ஆக்கலாம். நிகர்ப்பது நிகரி. வேர் விளக்கத்தை நாளை தனி மடலில் எழுதுகிறேன்.

த.